கால்மிதிக்கு அடியில் ஒரு மணி

அத்தியாயம் 9

சேவுகனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். தங்கமான மனுஷன், கோபம் வந்தால்தான் கண்மண் தெரியாது என்பார்கள்.

சுத்தப் பொய். கண்மண் தெரியாதவன் என்றால் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் அவன் சரக்கை ஏற்றி இறக்கும் லோரிக்காரர்களிடம் ஒருநாளாவது கை நீட்டியிருக்க வேண்டாமா? அவர்களிடமெல்லாம் ‘பாஸ், பாஸ்’ என்று குழைவான். அடியை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வருவான். அதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அடிப்பான். கண்ணாடி கீறிவிடக் கூடாதல்லவா.

அந்தக் கடிகாரம் மேசையில் ‘டக்’கென்று உட்காரும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன சிவகாமி, ஒன்பது வயது மகள் அபிராமியைக் கையில் பிடித்துக்கொண்டு கிள்ளானில் ரயிலேறி, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அண்ணன் அண்ணாமலையின் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்ததைப் போன வாரம் பார்த்தோம். கதவிடுக்கில் வைத்து அவன் நசுக்கிய சுண்டுவிரலில் வீக்கம் வடிந்துவிட்டது. நகம் மட்டும் கறுத்துக் கிடக்கிறது.

விரல் போனால் போகட்டும். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அபிராமியைத் தேவகோட்டையில் தன் தாயாரிடம் கொண்டுபோய் விடப்போகிறானாம். “டிக்கெட் போட்டாச்சு. பெத்தவன் கூட்டிட்டுப் போறதுக்கு எவன் பெர்மிஷன் வேணும்?” என்று போனில் கேட்டான். சொன்னால் செய்கிறவன். பிள்ளை விமானம் ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட்டுக்குப் போய் எந்தப் படியில் உட்காருவது?

பாதுகாப்பு உத்தரவு கைக்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று வக்கீல் அம்மாள் சொல்லியிருந்தார். அதுவரை பிள்ளையைக் கண்ணிலிருந்து விலக்காதீர்கள், யார் வந்தாலும் கிரில் கதவைத் திறக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் கிரில் பூட்டின் சாவி ஒரு கயிற்றில் கோத்து சிவகாமியின் கழுத்தில் தொங்கியது.

இன்று அபிராமிக்கு நட்சத்திரப் பிறந்தநாள்.

அடிபட்ட வீட்டிலும் பிறந்தநாள் வரத்தான் செய்யும். பிள்ளைக்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று முந்தின நாள் சாயங்காலம் மகளை அண்ணன் காவலில் விட்டுவிட்டு, அண்ணி தாமரையோடு எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி விலைக்கு விற்கும் கடைக்குப் போயிருந்தாள் சிவகாமி. தாமரை கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். மனத்தில் பட்டதை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருக்கத் தெரியாதவள். பேச்சுக்குப் பேச்சு அந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

“இதப் பாரு சிவகாமி, நூறு எக்ஸ்பெரிமென்ட்டாம். படமே ஜோரா இருக்கு லா,” என்று ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக் காட்டினாள் தாமரை.

சிவகாமி அதை வாங்கிக் காதருகில் வைத்துக் குலுக்கினாள். “நூறுன்னு போட்டிருப்பான் அண்ணி. பிரிச்சா தொண்ணூறு தண்ணியில கலர் கரைக்கிறதா இருக்கும். கலர் தீந்ததும் பெட்டிய வச்சுக்கிட்டு அழணும்.”

“அப்ப எப்படித்தான் வாங்குறது?”

“உடைஞ்சா பிள்ளையே திரும்பச் சேக்கிற மாதிரி இருக்கணும். தீந்துபோனா அடுப்படியில இருந்து எடுத்துக்கிற மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்.”

காரைக்குடியில் பிசிக்ஸ் படித்துப் பட்டம் வாங்கியவள் சிவகாமி. வாங்கிய பட்டத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு ரசம் கொதிக்கிற பக்குவம் பார்க்கத்தான் பயன்படுத்தினாள். நேற்று அந்தக் கடையில் நின்றபோது பழைய சிவகாமி கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு பேட்டரி, அதைப் பொருத்தும் டப்பா, சின்ன பல்பு, பாத்திரம் துலக்கும் ஸ்பான்ஜ் எல்லாம் கூடைக்குள் விழுந்தன. பக்கத்துத் தெரு எலெக்ட்ரிக் கடையில் வயரும், கீச்சென்று கத்தும் பொத்தான் அளவு பஸ்ஸரும் கிடைத்தன. எல்லாம் சேர்த்து வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஆகிற காசுகூட ஆகவில்லை. பழைய செருப்புப் பெட்டிக்கு மஞ்சள் தாள் ஒட்டி அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கிவைத்தாள்.

காலையில் பெட்டியைத் திறந்த அபிராமி முகத்தைச் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள்.

“இத வச்சு என்னம்மா செய்யலாம்?”

“உனக்கு என்ன வேணுமோ அதச் செய்யலாம்.”

பிள்ளை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “யாராச்சும் வந்தா நமக்குத் தெரியணும்,” என்றாள்.

மற்ற வீட்டுப் பிள்ளைகள் எரிமலை கேட்கும், ராக்கெட் கேட்கும். சிவகாமி கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு அட்டைகளில் அலுமினியத் தாளை ஒட்டினார்கள். நடுவில் ஓட்டை போட்ட ஸ்பான்ஜை வைத்தார்கள். மேலே கால் பட்டால் ஸ்பான்ஜ் அமுங்கும், இரண்டு தாளும் ஓட்டை வழியாகத் தொட்டுக்கொள்ளும், பஸ்ஸர் கத்தும். அதைக் கொண்டுபோய் வாசல் கால்மிதிக்கு அடியில் ஒளித்துவைத்தாள் அபிராமி. விஷயம் தெரியாமல் துணி காயப்போட வந்த தாமரை அதில் கால் வைத்தாள். அது போட்ட சத்தத்தில் வாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

“அடி ஆத்தி, உயிரே போயிருச்சு லா. இது என்னடி, போலீஸ் ஸ்டேஷனா?”

அண்ணாமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேண்டுமென்றே நாலைந்து தரம் மிதித்துப் பார்த்தார். அடுத்த வீட்டு யுகேந்திரன் யாரோ பெல் அடிக்கிறார்கள் என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு மறந்துடாதீங்க அம்மான்,” என்றாள் அபிராமி. தாய்மாமனை அவள் அம்மான் என்றுதான் கூப்பிடுவாள். “நாம வெளிய போறப்ப பேட்டரிய எடுத்துடணும். இல்லன்னா நமக்கே கத்தும்.”

அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. மதியம் வரைதான் அது நீடித்தது.

சமையல் முடிகிற நேரத்தில் கிரில் கதவுக்கு வெளியே வந்து நின்றான் சேவுகன். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு தாம்பாளம். அதில் உடைத்த தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, மல்லிகைப்பூ, மடித்த விபூதி. காலடியில் உயரமாக ஒரு அட்டைப் பெட்டி.

“பிள்ளை பேருக்கு, நட்சத்திரத்துக்கு, அர்ச்சனை பண்ணியிருக்கேன். பிரசாதத்தக் குடுத்துட்டுப் போயிடுறேன்,” என்றான். குரலில் தேன் வடிந்தது.

சிவகாமி பின்வாங்கவில்லை. கம்பிக்கு இடையில் வலது கையை நீட்டினாள். “விபூதிய மட்டும் குடுங்க.”

“கம்பி வழியா வாங்குற சாமானா இது? கூண்டுக்குள்ள இருக்கிற குரங்குக்குப் பழம் போடுற மாதிரி.”

தாம்பாளம் கம்பிக்குள் நுழையாது. செருப்புகள் கிடக்கும் தரையில் வைக்கவும் முடியாது. அவன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோயில் வாசலில் நிற்கிறவன் மாதிரி பவ்யமாக நின்றான். அண்ணாமலைதான் முதலில் இளகினார்.

“சிவகாமி, தட்டோட நிக்கிறாரும்மா. அர்ச்சனைத் தட்டத் திருப்பி அனுப்புறது நல்லதில்ல.”

“வக்கீலம்மா என்ன சொன்னாங்க அண்ணே?”

“தெரியும். நான் பக்கத்துலயே நிக்கிறேன். பிள்ளை பேருக்குப் பண்ணுனது. திருப்பினா அவளுக்குத்தான் ஆகாது.”

அவளுக்குத்தான் ஆகாது. அந்த ஒரு வார்த்தையில் சிவகாமி விழுந்தாள். பிசிக்ஸ், பட்டம், வக்கீல் சொன்ன புத்தி எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டன. கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாவியை அண்ணன் கையில் அவளேதான் கொடுத்தாள்.

நம் ஆட்களின் புத்தியை எங்கே போய்ச் சொல்ல? போலீஸ்காரன் வந்தால் அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்போம். கையில் ஒரு தேங்காய்மூடியும் இரண்டு பழமும் இருந்தால் எமனுக்கே பூட்டைத் திறந்துவிட்டு, உள்ளே வாங்க, மோர் சாப்பிடுறீங்களா என்றும் கேட்போம். தாமரை மட்டும் அப்போது வாசலில் இருந்திருந்தால் அந்தப் பூட்டு திறந்திருக்காது. அவள் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

சேவுகன் உள்ளே கால் வைத்தான். கால்மிதி கீச்சென்று கத்தியது.

“வேலை செய்யுதும்மா,” என்று துள்ளிவிட்டாள் அபிராமி. பாவம், பிள்ளைதானே.

அவன் குனிந்து பார்த்தான். “என்னம்மா இது?”

“யாராச்சும் வந்தா தெரியறதுக்கு, அப்பச்சி,” என்றாள். அப்பாவை அவள் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

“யாராச்சும்னா யாரு?”

அபிராமி பின்வாங்கி மஞ்சள் பெட்டியைக் கையில் எடுத்தாள். அண்ணாமலை சிரித்து மழுப்பப் பார்த்தார். சேவுகன் தாம்பாளத்தைச் செருப்பு அலமாரிமேல் வைத்தான். கால்மிதியைத் தூக்கி, அடியில் இருந்த அட்டையை உருவி, இரண்டாகக் கிழித்துப் போட்டான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தான் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தான். உள்ளே டெலஸ்கோப். பளபளவென்று நீளக் குழாய், அதைத் தாங்க மூன்று இரும்புக்கால் ஸ்டாண்டு. ஹால் நடுவில் அதை விரித்து நிறுத்தினான்.

“இது அப்பச்சி வாங்குனது. உங்கம்மா என்ன வாங்கிக் குடுத்தா? காட்டு.”

அபிராமி மஞ்சள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் அதைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தான். காந்தம் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. பூதக்கண்ணாடியைக் குதிகாலால் மிதித்து அரைத்தான்.

“குப்பைய வாங்கிக் குடுத்துப் பிள்ளைய எனக்கு எதிரா வேவு பாக்கப் பழக்குற.”

இதைச் சொல்லிக்கொண்டே கடிகாரத்தைக் கழற்றினான். தாம்பாளத்தில் வெற்றிலைக்குப் பக்கத்தில் அது ‘டக்’கென்று உட்கார்ந்தது.

சிவகாமிக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடிப்போய் மகளின் ஒரு கையைப் பிடித்தாள். இன்னொரு கை ஏற்கெனவே அவன் பிடியில் இருந்தது.

“செருப்பப் போடு அபிராமி. போலாம்,” என்றான் சேவுகன்.

“விடுங்க அவள.”

முதல் அறை காதில் விழுந்தது. இரண்டாவது அறையில் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவள் கையை விடவில்லை என்றதும் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, தலையைச் செருப்பு அலமாரியின் முனையில் மோதினான். தாம்பாளம் அதிர்ந்து பழங்கள் சிதறின. கீழே சரிந்தவளின் விலாவில் உதைத்தான். மூச்சு நின்று போயிற்று. சிவகாமி அப்போதும் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் வாங்கிக்கொள்ள அவளுக்குப் பத்து வருஷப் பழக்கம். பிள்ளையின் கை மட்டும் அவள் பிடியிலிருந்து நழுவவில்லை.

“மாப்பிள்ளை, வேணாம், வேணாம்,” என்று அண்ணாமலை பின்னாலிருந்து அவன் தோளைக் கட்டிப் பிடித்தார். அந்த நேரத்திலும் மாப்பிள்ளை மரியாதை போகவில்லை அவருக்கு.

சேவுகன் உதறினான். கைக்கு எட்டிய டெலஸ்கோப் ஸ்டாண்டைத் தூக்கிச் சுழற்றினான். குழாய் கழன்று பறந்து சுவரில் மோதிக் கண்ணாடி உடைந்தது. இரும்புக்கால் அண்ணாமலையின் புருவத்துக்கு மேலே இறங்கியது. எலும்பில் இரும்பு படும் சத்தம் வேறு மாதிரி இருக்கும், அதை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. அவர் முகத்தில் கையை வைத்தார். விரல் சந்து வழியாக ரத்தம் சட்டையெல்லாம் ஒழுகியது. முழங்கால் மடிந்து உட்கார்ந்தவரின் தோளில் இன்னொன்று போட்டான். மூன்றாவதற்கு ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்த தாமரையின் கையில் தேங்காய் வெட்டும் பாராங் கத்தி இருந்தது. அதன் முதுகுப் பக்கத்தால் அவன் வலது மணிக்கட்டில் ஒரே போடு போட்டாள். ஸ்டாண்டு தரையில் விழுந்து உருண்டது.

“அடுத்தது முதுகுப் பக்கம் இல்ல,” என்றாள். அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “பிள்ளை கைய விடு. வெளிய போ.”

சேவுகன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஆம்பிளையை வெட்டுகிற பொம்பளையா இவள் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான். தாமரை கத்தியைத் திருப்பிப் பிடித்தாள். அவனுக்குக் கணக்கு புரிந்தது.

அபிராமியின் கையை விட்டான். கடிகாரத்தை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டான். போகிற போக்கில் குனிந்து, கலைந்து கிடந்த பிள்ளையின் முன்முடியை ஒதுக்கி, காதில் என்னவோ சொன்னான். பிள்ளை மரக்கட்டை மாதிரி நின்றாள். அவன் படியிறங்கிப் போன சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

யுகேந்திரன் ஓடி வந்து அண்ணாமலையைத் தாங்கிக்கொண்டார். துண்டை வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. தையல் போட வேண்டும் என்று தன் காரில் கிளினிக்குக்கு ஏற்றிப்போகக் கிளம்பினார்.

“நானும் போறேன் அண்ணி. அங்கேருந்து அப்படியே ரிப்போர்ட் குடுத்துடலாம்,” என்றாள் சிவகாமி. விலாவில் வலி குத்தி எடுத்தது.

“நீ நிக்கவே முடியாம நிக்கிற. முதல்ல அவருக்குத் தையல் போடட்டும். வந்ததும் எல்லாரும் சேந்தே ஸ்டேஷனுக்குப் போவோம்.” தாமரை வளைந்துபோன ஸ்டாண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கதவோரம் சாய்த்துவைத்தாள். “இத யாரும் தொடக் கூடாது. போலீஸ் பாக்கணும்.” கிரில்லைப் பூட்டிச் சாவியைத் திரும்ப சிவகாமியின் கழுத்தில் போட்டாள்.

பிறகு ஒரு கிண்ணத்தில் ஐஸ் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அவ்வளவு அடி வாங்குற, வாயத் தொறந்து ஒரு சத்தம் போட மாட்டியா? நீ கத்தியிருந்தா நான் அப்பவே வந்திருப்பேன் லா. அண்ணன் மண்டை தப்பிச்சிருக்கும்.”

“கத்துனா பிள்ளை பயந்துடுவா அண்ணி.”

“இப்ப பயப்படலன்னு நினைக்கிறியா?”

சிவகாமிக்கு இதற்குக் கன்னத்தில் வாங்கியதே தேவலாம் என்றிருந்தது.

அபிராமி அழவே இல்லை. தரையில் மண்டிபோட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். காந்தத்தை விளக்குமாற்றுக் குச்சியால் சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்தாள். அடுப்படியில் போய்ப் புது அலுமினியத் தாள் கிழித்துவந்தாள். ரத்தம் தெறித்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, டெலஸ்கோப் வந்த பெட்டியின் அட்டையை வெட்டினாள்.

“உடைஞ்சா நாமளே சேத்துக்கலாம்னு சொன்னீங்கல்ல,” என்றாள்.

“ஆமாடி தங்கம்.” சிவகாமி அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். “அப்பச்சி காதுல என்ன சொன்னாரு?”

“ஹேப்பி பர்த்டே சொன்னாரு.”

பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை. வயரை முறுக்குவதிலேயே கண்ணாக இருந்தாள். கால்மிதியை மறுபடி வாசலில் போட்டு மிதித்துக் காட்டினாள். பஸ்ஸர் முன்னைப் போலவே கத்தியது. அதைக் கேட்டதும் சிவகாமிக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள் என்று நினைத்தாள். பெரியவர்கள் இப்படித்தான் எதையாவது நினைத்துத் தங்களைத் தேற்றிக்கொள்வார்கள்.

“உங்க தலையெல்லாம் ரத்தமா இருக்கும்மா. குளிச்சுட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்.”

சிவகாமி சாவிக் கயிற்றைக் கழற்றிக் குளியலறை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சிவப்பாக ஓடியது. கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஹார்ன் அடித்தார்கள். அந்த ஃபிளாட்டில் எவனாவது ஹார்ன் அடிக்காத நேரம் ஏது? அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது தாமரை அடுப்படியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். புருவத்துக்கு மேல் ஏழெட்டுத் தையலாம், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஹாலில் மஞ்சள் பெட்டி ஒழுங்காக மூடி வைக்கப்பட்டிருந்தது.

“அபிராமி?”

ஆணியில் சாவி இல்லை. கிரில் ஒருக்களித்துத் திறந்திருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. சிவகாமி வாசலுக்கு ஓடிக் கால்மிதியில் ஏறி நின்றாள்.

சத்தம் வரவில்லை. திரும்பவும் மிதித்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். பேட்டரி டப்பா காலியாக இருந்தது.

நாம வெளிய போறப்ப பேட்டரிய எடுத்துடணும்.

கதவோரம் இருந்த பிளாஸ்டிக் பை எப்படிக் கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. அபிராமி தனியாக லிஃப்டில் ஏற மாட்டாள். விலாவைப் பிடித்துக்கொண்டு படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். பாதி வழியில், படி திரும்புகிற இடத்தில் பிள்ளை அகப்பட்டாள். பிறந்தநாள் பாவாடையோடு, முதுகில் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே மறுபடி ஹார்ன் கேட்டது.

“எங்கடி போற?”

அபிராமி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “ஹார்ன் கேட்டா தனியா இறங்கி வந்துடச் சொன்னாரு. வந்துட்டா இனிமே உங்கள அடிக்க மாட்டாராம். வரலன்னா, அத்தை வீட்டுல இல்லாத நேரமா பாத்து வருவாராம்.” பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். “நான் போயிட்டா எல்லாம் சரியாயிடும்மா. பாஸ்போர்ட்டும் எடுத்துக்கிட்டேன். அப்பத்தாவுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்.”

சிவகாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வலியை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால் மற்றவர்கள் தப்பிக்கலாம் என்று இந்தப் பாடத்தை யார் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது? சேவுகனா சொல்லிக்கொடுத்தான்? பத்து வருஷமாக அறைக்கு அறை, உதைக்கு உதை, செய்து காட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

“பேட்டரி எங்க?”

அபிராமி உள்ளங்கையை விரித்தாள். இரண்டும் வியர்வையில் நனைந்திருந்தன.

“மேல போ. அத்தைய போலீஸுக்குப் போன் பண்ணச் சொல்லு. கிரில்லப் பூட்டிட்டு பேட்டரியப் போட்டு வை. நான் வந்து மிதிப்பேன், சத்தம் கேக்கணும்.”

“நீங்கம்மா?”

“நான் கீழ போய்ச் சொல்லிட்டு வரேன்.”

“என்னன்னு?”

“நீ வரமாட்டேன்னு.”

பிள்ளை ஏறினாள். கிரில் இழுபட்டுப் பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை சிவகாமி அங்கேயே நின்றாள். பிறகு பிளாஸ்டிக் பையைக் கிழித்தாள். வளைந்த இரும்புக்காலில் அண்ணனின் ரத்தம் காய்ந்திருந்தது. போலீஸ் பார்க்க வேண்டிய சாமான்தான். பார்க்கட்டும்.

கீழே வெயில் சாய்ந்திருந்தது. அவனுடைய வெள்ளைக் கார் படிக்கட்டுக்கு நேர் எதிரே, பின்கதவைத் திறந்துவைத்தபடி நின்றது. மகள் வருவாள் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தவன், இரும்புக்காலோடு வருகிறவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். பின்கதவைச் சாத்தினான். வீங்கிப்போன வலது கையால் தடுமாறித் தடுமாறி இடது கைக் கடிகாரத்தைக் கழற்றி, காரின் முன்பக்கத்தில் வைத்தான்.

‘டக்’கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் சிவகாமி இருந்த இடத்திலேயே நின்றுவிடுவாள்.

இன்று அவள் நிற்கவில்லை.